சுழல்தட்டு யாருடையது?

குளியலறையிலிருந்து பெரியவள் வெளியே வந்தபோது அவளுடைய இடது கை முழங்கை வரைக்கும் செக்கச்செவேலென்று இருந்தது.

"என்னம்மா கை இது? கொதிக்கிற தண்ணியிலயா விட்டே?" வாத்தியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு அவர் எதையுமே பாதிதான் செய்கிறார்.

பெரியவள் கையைத் திருப்பிப் பார்த்தாள், யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"விட்டிருக்கேன் போல."

"சுடலையா உனக்கு?"

"சுட்டிருக்கும்."

அவர் களிம்பு தேடி அலமாரியைக் குடைந்தார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். போன வாரம் வக்கீல் வைத்துவிட்டுப் போன புகார் மனு அங்கேயே கிடந்தது. பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் உப்பு டப்பாவை வைத்தவளும் அவள்தான்.

வாரா வாரம் கூடவே வருகிறவர்களுக்கு அந்த மனுவின் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

தக்காளி விலை தரையைத் தொட்டு, விவசாயிகள் வண்டி வண்டியாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன ஒரு கோடையில், பெரியவளும் அவள் கணவரும் ஒரு பெட்டி செய்தார்கள். கணவர் அப்போது தொழிற்கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வேலை போனாலும் வாத்தியார் என்ற பெயர் போகவில்லை. கூட நின்றவன் தகரம் வளைக்கும் ஒரு இளைஞன். அடியில் சூடு, பக்கவாட்டில் விசிறி, நடுவில் அடுக்கடுக்காகத் தட்டுகள். தக்காளியோ வெங்காயமோ திராட்சையோ, காலையில் வைத்தால் சாயங்காலம் காய்ந்து கையில் வரும். அந்த உலர்த்தியை விற்றுத்தான் பெரியவள் ஒரு ஷெட் போட்டாள். அந்த ஷெட்டால்தான் ஒரு தெருவே உண்டானது.

தகரம் வளைத்த இளைஞன் பெரியவளின் தங்கையைக் கட்டிக்கொண்டான். அவன் பெயரே 'தகரம்' என்று ஆகிவிட்டது. தங்கை, அதாவது சின்னவள், ஒருநாள் எல்லோர் முன்னாலும் ஒரு யோசனை சொன்னாள். "மெஷினை விக்க வேண்டாம் அக்கா. வண்டியில ஏத்தித் தோட்டத்துக்கே கொண்டுபோய் வாடகைக்கு விடலாம்." பெரியவள் சிரித்தாள். "உலர்த்தி என்ன சைக்கிளா, மணிக்கணக்குல வாடகைக்கு விட?" ஷெட்டே சிரித்தது. அடுத்த மாதம் சின்னவளும் தகரமும் வெளியே போய், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தனி ஷெட் போட்டார்கள். உலர்த்தியைச் சக்கரத்தில் ஏற்றினார்கள். அது ஓடியது. நன்றாகவே ஓடியது. அக்கா தங்கை பேச்சு அன்றோடு நின்றது.

இப்போது தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய கம்பெனி பெரியவளின் ஷெட்டை மொத்தமாக வாங்க வந்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. சின்னவளின் ஷெட் எங்கள் வடிவமைப்பைத் திருடிவிட்டது, அதை மூட வேண்டும் என்று முதலில் புகார் கொடுக்க வேண்டும்.

உப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்தது அந்தப் புகார்தான்.

"இன்னைக்கு அவங்க வர்றாங்க," என்றார் வாத்தியார், அவள் கையில் களிம்பைத் தடவிக்கொண்டே. "ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"உனக்குக் கோவமா? வருத்தமா? ஏதாவது சொன்னாத்தானே எனக்குத் தெரியும்."

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே உள்ளே தேடிப் பார்த்தாள். அவர் ஷெட்டுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாளிலிருந்தே இப்படித்தான். ஆஸ்பத்திரிக்கும் ஷெட்டுக்கும் நடந்தாள், ஆர்டர்களை அனுப்பினாள், சம்பளம் போட்டாள். எல்லாம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த அன்று அழலாம் என்று உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அன்றிலிருந்து எதுவுமே வரவில்லை.

"ஒண்ணும் இல்லீங்க," என்றாள். "டிபன் ஆறுது. சாப்பிடுங்க."

*

கம்பெனியின் கார் ஷெட் வாசலில் நின்றபோது தெருவே எட்டிப் பார்த்தது.

வந்தது ஒரு இளம்பெண்ணும் வக்கீலும். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணிவாகப் பேசினாள். தரையில் கிடந்த இரும்புத் தூளைப் பற்றிக் கவலைப்படாமல் முட்டி போட்டு உட்கார்ந்து உலர்த்தியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வெல்டிங் செய்துகொண்டிருந்தவரிடம் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, இரும்பில் பற்றவைப்புத் தையல் எப்படி விழுகிறது என்று வேடிக்கை பார்த்தாள்.

கடைசியில் புது மாடலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

பழைய மாடலில் ஒரு தொல்லை உண்டு. கீழ்த்தட்டு சீக்கிரம் காயும், மேல்தட்டு ஈரமாகவே இருக்கும். நடுவில் கதவைத் திறந்து தட்டுகளை மாற்றி வைக்க வேண்டும். திறந்தால் சூடு போய்விடும். புது மாடலில் வெளியே ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் உள்ளே தட்டுகள் தானாகவே சுற்றி இடம் மாறிக்கொள்ளும். சுழல்தட்டு என்று பெயர்.

கம்பெனிப் பெண் கைப்பிடியைத் திருப்பினாள். உள்ளே தட்டுகள் மெல்ல நகர்ந்தன.

"உண்மையைச் சொல்லணும்னா மேடம், நாங்க வாங்குறது இதைத்தான். மத்ததெல்லாம் எங்க வேணும்னாலும் கிடைக்கும். இது மட்டும் கிடைக்காது."

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ யோசிச்சேன்," என்றார் வாத்தியார். "வேற வேலை இல்ல பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் வாயைச் சிரிப்பதுபோல வைத்துக்கொண்டாள்.

ஆபீஸ் அறைக்குள் உட்கார்ந்ததும் அந்தப் பெண் திட்டத்தைச் சொன்னாள். மெஷினைப் பொருத்தும் அசெம்பிளி வேலை முழுக்கத் துறைமுகத்துப் பக்கம் போய்விடும். இங்கே ஒரு சர்வீஸ் சென்டர் இருக்கும். ஷெட்டில் இருப்பவர்களில் வர விருப்பமுள்ளவர்களுக்கு அங்கே வேலை உண்டு.

"விசிறி மோட்டார் சுத்திக் குடுக்கிறவர் எதிர்த்த கடையில இருக்காரே," என்றாள் பெரியவள்.

"மோட்டார் வெளிநாட்டுல இருந்து மொத்தமா இறங்கிடும் மேடம்."

"தட்டுக்கு வலை பின்றவங்க?"

"அதுவும்."

"பெயின்ட்?"

"அங்கேயே பண்ணிப்போம்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க இங்க செஞ்சது பெரிய விஷயம் மேடம். ஆனா ஒரு அளவுக்கு மேல வளரணும்னா இந்த ஊர் பத்தாது. இதை சார்கிட்ட முதல்லயே சொல்லிட்டோமே."

பெரியவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். வாத்தியார் தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓ, இவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். வேறு யாருடைய வீட்டிலோ நடந்ததைக் கேட்டதுபோல அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கோபம் வருகிறதா என்று ஒரு கணம் காத்துப் பார்த்தாள். கூரைத் தகடு வெயிலில் விரிந்து 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான்.

வக்கீல் மனுவின் இன்னொரு பிரதியை எடுத்து நகர்த்தினார். "விற்பனைப் பத்திரம் அடுத்த வாரம். அதுக்கு நீங்க ரெண்டு பேரும் வேணும். புகாரை மட்டும் இன்னைக்கே குடுத்துட்டா நல்லது. சுழல்தட்டை அவங்க வண்டியிலயும் மாட்டியிருக்காங்க, அதான் முக்கியமான குற்றச்சாட்டு."

பேனாவைத் திறந்தும் வைத்தார்.

பெரியவள் எழுந்தாள். "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

"எங்க போறே?" என்றார் வாத்தியார்.

"தெரியல. நடக்கணும்."

*

அந்தத் தெருவில் பெரியவள் நடந்து ரொம்ப நாளாகிவிட்டது. காரில் வருவாள், காரில் போவாள்.

முன்பு இங்கே ஒரு டயர் கடையும் ஒரு எருக்குழியும்தான். இப்போது இரண்டு பக்கமும் ஷட்டர்கள். அவள் ஷெட்டில் வேலை கற்றுக்கொண்டு, சொல்லியும் சொல்லாமலும் ஓடிப்போனவர்கள்தான் பாதிப் பேர். ஒருத்தர் கதவுக்கு ரப்பர் வெட்டுகிறார். ஒருத்தர் வெப்பமானி பொருத்துகிறார். இன்னொருத்தர், உலர்ந்த தக்காளியை அடைக்கிற பை ஒட்டும் மெஷின் வைத்திருக்கிறார். ஒவ்வொருவர் போனபோதும் அவள் தாண்டிக் குதித்திருக்கிறாள். "நான் என்ன பயிற்சிப் பள்ளியா நடத்துறேன்? கத்துக்கிட்டுக் கம்பி நீட்டுறீங்களே!" என்று அவள் கத்தியதை இன்றும் தெருவில் நடித்துக் காட்டுவார்கள்.

விசிறி மோட்டார்க்காரர் கடையிலிருந்து ஓடிவந்தார். கையெல்லாம் செம்புக் கம்பித் தூள்.

"அக்கா! கார் வந்திருக்கே, நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிதான்."

"அதான் பார்த்தேன். பெரிய கம்பெனின்னா ஆர்டரும் பெரிசா வரும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கம்பி சுத்துற மெஷின் இன்னொண்ணு பார்த்து வச்சிருக்கேன். வீட்டுல நகையைத் தரேன்னுட்டா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே எடுத்துடுவேன்."

பெரியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதரிடம் ஏதோ சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. நாக்கு மட்டும் வாய்க்குள் மரத்துக் கிடந்தது.

"பொறுங்க," என்றாள் கடைசியில்.

"எதுவரைக்கும்க்கா?"

"நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் வாங்காதீங்க."

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. அதை முழுசாகப் பார்ப்பதற்கு முன் அவள் நடந்துவிட்டாள். பேருந்து நிலையத்தைத் தாண்டும்போதுதான், தான் எங்கே போகிறோம் என்பதே அவளுக்குப் புரிந்தது.

*

சின்னவளின் ஷெட்டுக்குக் கதவு கிடையாது. எப்போதும் ஏதாவது ஒரு வண்டி போய்க்கொண்டோ வந்துகொண்டோ இருக்கும். அன்றைக்கு ஒரு டிரெய்லர் உள்ளே நின்றது, சக்கரமெல்லாம் சேறு. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை தகரத்தினுடையவை.

சின்னவள் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள். "அண்ணே, நாளைக்கு வண்டி திராட்சைத் தோட்டத்துக்குப் போகுது. நாளன்னைக்கு உங்களுக்கு. பழம் அழுகினா நான் பொறுப்பா? முன்னாடியே சொல்லணும்ல?"

திரும்பியவள் அக்காவைப் பார்த்தாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்து அண்ணன் 'ஹலோ ஹலோ' என்பது வெளியே கேட்டது.

"அப்புறம் பேசுறேன்," என்று வைத்தாள். "வா. நீயே கொண்டுவந்துட்டியா? ஆள்கிட்ட குடுத்து அனுப்புவேன்னு நினைச்சேன்."

"எதை?"

"புகாரை. ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதா?"

"நான் ஒண்ணும் கொண்டுவரல குட்டி."

குட்டி என்று அவளைக் கூப்பிட ஊரில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிரெய்லருக்கு அடியிலிருந்து தகரம் சறுக்கி வெளியே வந்து, எழுந்து, ஒரு பழைய துணியில் கையைத் துடைத்தான். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவனுக்குப் பெரியவள் அக்காதான்.

"உக்காருங்கக்கா," என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். பிறகு அதில் கிரீஸ் இருப்பதைப் பார்த்துத் தன் சட்டையாலேயே துடைத்தான். பிறகு சட்டையில் முக்காலியைவிட அதிகக் கிரீஸ் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றான்.

பெரியவள் உட்காரவில்லை. ஷெட்டின் மூலையில், ஓய்வு கொடுக்கப்பட்ட ஒரு உலர்த்தி நின்றது. நசுங்கி, பெயின்ட் உதிர்ந்து, ஒரு பக்கம் துரு ஏறி. அதன் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. சைக்கிள் பெடலை அறுத்துப் பற்றவைத்த கைப்பிடி.

அவள் போய் அதைத் திருப்பினாள். கிரீச்சென்று உள்ளே தட்டுகள் நகர்ந்தன.

"இது எப்போ பண்ணினது?"

"அதுதான் எங்க முதல் வண்டி," என்றாள் சின்னவள். "தோட்டத்துல திறந்த வெளி. கதவைத் திறந்தா காத்துல பாதி பறந்துடும், மீதியில மண்ணு விழும். முதல் வாரமே ஒரு வெங்காயக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிட்டார். திறக்காமலே தட்டு மாறணுமேன்னு நானும் இவரும் மண்டையை உடைச்சிக்கிட்டோம். பெடல் என் பழைய சைக்கிள்ல இருந்து எடுத்தது."

பெரியவளுக்கு அதை நம்புவதில் சிரமமே இருக்கவில்லை. அவள் மெஷின்கள் சுவருக்குள் நிற்பவை. அங்கே கதவைத் திறந்தால் கொஞ்சம் சூடு போகும், அவ்வளவுதான். யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. வண்டியில் ஏறித் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத்தான் இப்படி ஒன்று தோன்றியிருக்க முடியும். அவள் ஷெட்டே சிரித்த அந்த யோசனையிலிருந்துதான் இது முளைத்திருக்கிறது.

"மாமாவுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு," என்றாள் சின்னவள்.

"யாருக்கு?"

"மாமாவுக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒருநாள் வந்தாரே. இந்தப் பெட்டிகிட்டக் குனிஞ்சு நின்னு திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'பிரமாதம்மா'ன்னார். வாத்தியார் வாயால பிரமாதம்னு கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல." சின்னவள் நிறுத்தினாள். "உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"உங்க புது மாடல்ல அதைப் பார்த்தப்போ இவருக்குத்தான் கோவம். நான் விடுங்கன்னேன். பெட்டிக்குள்ள காத்துப் போற வழியை நாம அவங்ககிட்டேருந்துதானே எடுத்துட்டு வந்தோம், அவங்க தட்டை எடுத்துக்கட்டும்னேன்."

"காத்துப் போற வழி யார் யோசிச்சதுன்னு எனக்கே ஞாபகம் இல்லக்கா," என்றான் தகரம். "மூணு பேரும் ஒரே நேரத்துல பேசிக்கிட்டு இருந்தோம்."

அது உண்மைதான். பெரியவளுக்கும் ஞாபகம் இல்லை.

"அந்தப் பொண்ணு இங்கயும் வந்துச்சு," என்றாள் சின்னவள் திடீரென்று.

"எந்தப் பொண்ணு?"

"அதே கம்பெனிப் பொண்ணு. அதே கார். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே இங்கதான் வந்துச்சு. நல்ல பொண்ணு, தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சுது. 'சுழல்தட்டு உங்களோடது, உங்க அக்கா திருடிட்டாங்கன்னு ஒரு புகார் குடுங்க. அவங்க ஷெட்டை மூடிட்டு உங்களோடதை வாங்கிக்கிறோம்'னு சொல்லுச்சு."



"நீ என்ன சொன்னே?"

"போயிட்டு வாம்மான்னு சொன்னேன்."

"ஏன்?"

"ஏனா?" சின்னவள் குரல் உயர்ந்தது. "உன் ஷெட்டை மூடினா வலை பின்றவ எனக்காக மட்டும் பின்னுவாளா? மோட்டார்க்காரர் என் ஒருத்திக்காகக் கடை திறந்து வைப்பாரா? நீ ஒரு பக்கம் வாங்குற, நான் ஒரு பக்கம் வாங்குறேன், அதுலதான் அவங்க நிக்கிறாங்க. அவங்க நிக்கிறதுலதான் நாம நிக்கிறோம். ராத்திரி விசிறி நின்னுபோனா, தெருவைத் தாண்டிக் கதவைத் தட்டினா எழுந்து வர்றாங்களே, அது துறைமுகத்துல கிடைக்குமா?"

"அதனாலதானா?"

"அதனாலதான்!" என்று கத்தினாள் சின்னவள். "வேற எதனாலன்னு நினைச்சே? நீ என்கிட்ட பேசலைன்னா நீ எனக்கு அக்கா இல்லைன்னு ஆயிடுமா?"

அவள் அழுதாள். மறைக்கவில்லை, முகத்தைப் பொத்தவில்லை. தகரம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான்.

பெரியவள் நின்றாள். இரண்டு எட்டு வைத்து அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கையை எங்கே வைக்க வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது. கை எழவில்லை. தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல எல்லாம் தூரத்தில் இருந்தது, தங்கையின் அழுகை உட்பட.

"ஏதாவது சொல்லேன்க்கா. திட்டவாவது செய்."

"வரல குட்டி."

"என்ன வரல?"

"எதுவும் வரல. ரொம்ப நாளாச்சு."

சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் கையைப் பார்த்தாள். "கை என்ன இப்படிச் சிவந்திருக்கு?" என்று அருகில் வந்து தொட்டாள். பெரியவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"நான் போகணும்," என்றாள். "பேனாவைத் திறந்து வச்சிட்டு உக்கார்ந்திருக்காங்க."

*

அவள் திரும்பி வந்தபோது வாசலில் கார் இல்லை.

வாத்தியார் ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மேஜை காலியாக இருந்தது.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் கையெழுத்துப் போட்டுட்டேன். புகாருக்கு ஒருத்தர் போட்டாப் போதுமாம். இந்நேரம் குடுத்திருப்பாங்க. நாளைக்கு அவளுக்கு நோட்டீஸ் போகும்."

பெரியவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சுழல்தட்டை யாருங்க யோசிச்சது?"

அவர் காலி மேஜையைக் கையால் துடைத்தார்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிச்சதா? இல்ல, அவ ஷெட்டுல குனிஞ்சு நின்னு பார்த்ததா?"

"அங்க போனியா?" வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் எல்லார்கிட்டேருந்தும் எடுத்ததுதான். இந்தத் தெருவுல எது யாருது?"

"அதைத்தான் அவளும் சொல்றா. ஆனா அவ யார் மேலயும் எழுதிக் குடுக்கல."

"அவளுக்கு நெஞ்சு நல்லா இருக்கு, எழுதிக் குடுக்கல!" என்றார் அவர். பிறகு குரல் இறங்கியது. "கோவிச்சுக்காதே. தினமும் காலையில அந்தப் பிரஸ் மெஷின் முதல் அடி அடிக்கும்போது, இன்னைக்குத்தான்னு நினைச்சுக்கறேன். இதே தரையில இன்னைக்கு விழுந்துடுவேன்னு. யார்கிட்டயும் சொல்லல. உன் தங்கச்சிக்கு இன்னொரு தொழில் கிடைக்கும், கெட்டிக்காரி. எனக்கு இன்னொரு நெஞ்சு கிடைக்காதும்மா. நாம போயிடலாம். எங்கயாவது, சத்தமே இல்லாத இடத்துக்கு."

அவர் கை, கழற்றிய கண்ணாடியின் காம்பை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தது. பெரியவள் அந்தக் கையைப் பார்த்தாள். இவர் கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். அது அவளுக்குப் புரிந்தது. கணவர் தன்னிடம் பொய் சொன்னார் என்பதும், தங்கை இத்தனை நாள் வாய் திறக்காமல் தன்னைக் காப்பாற்றினாள் என்பதும் புரிந்தது. எல்லாமே தெளிவாக, வரிசையாக, சூடே இல்லாமல் புரிந்தன. ஒருவேளை உணர்ச்சி என்று ஏதாவது இருந்திருந்தால் அவள் கத்தியிருப்பாள், அவரும் கத்தியிருப்பார், இருவரும் அழுது, அதிலேயே இந்தச் சாயங்காலம் கரைந்து போயிருக்கும்.

"மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

"போட்டேன்."

"சரி. வீட்டுக்குப் போங்க. டிரைவர்கிட்ட சொல்றேன்."

அவர் எழுந்தார். வாசல்வரைக்கும் போனவர் நின்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

பெரியவள் போனை எடுத்துத் தங்கையின் எண்ணைத் தட்டினாள். அந்த எண் இத்தனை நாளும் அழியாமல் அதிலேயே இருந்தது.

"குட்டி, நான்தான். நாளைக்கு உனக்கு ஒரு நோட்டீஸ் வரும். வாங்க மாட்டேன்னு சொல்லாதே, வாங்கிக்கோ. உங்க மாமா கையெழுத்துப் போட்டிருக்கார், நான் போடல."

பெரியவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நல்ல வக்கீலா ஒருத்தரைப் பிடி. அந்தப் பெடல் வச்ச பெட்டியை யாருக்கும் குடுத்துடாதே, துருவைக்கூடச் சுரண்டாதே, அப்படியே இருக்கட்டும்." ஆணியும் போல்ட்டும் ஆர்டர் சொல்கிற அதே குரலில்தான் அவள் பேசினாள். "விசாரணைக்குக் கூப்பிடும்போது சாட்சி யாருன்னு கேப்பாங்க. என் பேரைக் குடு. சுழல்தட்டு உன்னோடதுன்னு நான் வந்து சொல்றேன்."

பிறகு சின்னவளின் குரல், மிக மெதுவாக: "அக்கா, நீ அப்படிச் சொன்னா அவங்க உங்க ஷெட்டை வாங்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

"மாமா பக்கத்துல இருக்காரா?"

பெரியவள் நிமிர்ந்தாள். வாத்தியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, பயமா, வலியா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு கை நெஞ்சுக்குப் போயிருந்தது.

"இருக்கார்," என்றாள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்."